நாற்பத்திரண்டாம் நாள்

நாய்க்குட்டியின் வயிறு உப்பியிருந்தால் தோட்டத்தில் அதற்கு ஒரே பொருள்தான்: தாய்க்குப் பால் நன்றாக ஊறுகிறது. நெகிரி செம்பிலானில், ரந்தாவ் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்துக் குசினிக்குப் பின்னால் கோணிச்சாக்கில் கிடந்த ஐந்து குட்டிகளைக் காட்டிப் பாட்டி ஒருவர் பெருமைப்பட்டார். "பாரு தம்பி, எப்படிக் கொழுகொழுன்னு இருக்கு! பூரா தாய்ப்பாலு." ஒன்றைக் கையில் தூக்கினேன். வயிறு மத்தளம் மாதிரி விம்மியிருந்தது. முதுகைத் தடவினால் சீப்பைத் தடவுவது போல எலும்பு இடறியது. உண்மையிலேயே கொழுத்த குட்டிக்கு முதுகெலும்பு கையில் தட்டுப்படாது. ரோமமும் மங்கி, நனைந்து காய்ந்த துணி மாதிரி இருந்தது.

மறுநாள் அந்தக் குட்டி கக்கியது. வேகவைத்த மீ நாலைந்து இழை சுருண்டு கிடப்பதாகத்தான் முதலில் தோன்றியது. அதில் ஒன்று மெல்ல நெளிந்தது.

"மண்ணத் தின்னிருக்கும்" என்றார் பாட்டி. "யாராச்சும் இனிப்புக் குடுத்திருப்பாங்க" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. இனிப்புத் தின்றால் வயிற்றில் பூச்சி வைக்கும் என்பது நம் வீடுகளில் யாரும் கேள்வி கேட்காத சட்டம். ஆனால் கணக்கு இடித்தது. குட்டி பிறந்து இருபத்தைந்து நாள். கண் திறந்து பத்துப் பன்னிரண்டு நாள்தான். சாக்கைத் தாண்டிப் போனதில்லை, பாலைத் தவிர எதையும் ருசித்ததில்லை. கக்கிய புழுவோ என் சுண்டுவிரலைவிட நீளம். அவ்வளவு வளர அது எடுத்துக்கொண்ட நாட்களைப் பின்னோக்கி எண்ணினால், குட்டி பிறக்கும்போதே புழு உள்ளே இருந்திருக்க வேண்டும்.

இருந்தது. கருவிலே திரு வாய்த்தவர்கள் என்று சிலரைச் சொல்வோம். நாய்க்குட்டிக்குக் கருவிலே வாய்ப்பது புழு.

நாயின் உருளைப்புழுவுக்கு டாக்ஸோகாரா கேனிஸ் என்று பெயர். பெட்டை நாய் குட்டியைச் சுமப்பது ஏறத்தாழ 63 நாள். அதில் 42-ஆம் நாளை ஒட்டி ஒரு விழிப்பு நடக்கிறது. தாயின் தசைகளிலும் பிற திசுக்களிலும், சில நாய்களில் வருடக்கணக்காக, சுருண்டு கிடந்த இளம்புழுக்கள் அசையத் தொடங்குகின்றன. ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இரத்தத்தில் கலந்து, நஞ்சுக்கொடியைக் கடந்து, பிறக்காத குட்டியின் ஈரலில் போய்க் காத்திருக்கின்றன. குட்டி பிறந்ததும் ஈரலிலிருந்து நுரையீரல், அங்கிருந்து மூச்சுக்குழல் வழியாகத் தொண்டை. குட்டி லேசாக இருமி எச்சிலை விழுங்கும்போது புழுவும் குடலுக்கு இறங்குகிறது. மூன்று வாரத்துக்குள் முட்டையிடும் பருவம். வளர்ந்த பெண்புழு 18 சென்டிமீட்டர் வரை நீளும், நாளொன்றுக்கு லட்சம் முட்டை போடும். இந்தப் பயணத்தைப் படிப்படியாக விவரித்த ஆய்வை ஆஸ்திரேலியாவின் ஜே.எஃப்.ஏ. ஸ்பிரென்ட் 1958-இல் வெளியிட்டார்.

இதில் என்னை உட்கார வைத்த கேள்வி வேறு. தசைக்குள் இருட்டில் கிடக்கிற, மூளை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாத ஒரு நூல்துண்டுக்கு, தன்னைச் சுமக்கும் நாய் சினைப்பட்டிருப்பது எப்படித் தெரிகிறது? ஆண் நாயின் தசையிலும் இதே புழு கிடக்கும். அங்கே அதற்கு எழுந்து போக வழியில்லை. பெட்டையில் மட்டும், அதுவும் சினைக்காலத்தின் கடைசி மூன்று வாரத்தில், ஏதோ ஒரு செய்தி போய்ச் சேர்கிறது. சினைக்கால ஹார்மோன்கள்தான் தூதுவர்கள் என்பது பொதுவான கணிப்பு. நாயின் கொக்கிப்புழுவும் இப்படித் திசுவில் உறங்கி எழுவதுதான். அதை வைத்து, பெயரிலேயே தமிழ் ஒலிக்கும் பிரேமா அரசு என்ற ஆய்வாளர் 2001-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். பாலூட்டிகளின் உடலில் சுரக்கும் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதத்தைச் சோதனைத் தட்டில் விட்டதும், உறங்கிய இளம்புழுக்கள் தின்னத் தொடங்கின. தாயின் உடல் தனக்குள் பேசிக்கொள்ளும் பேச்சைப் புழு ஒட்டுக்கேட்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதனால் நடைமுறையில் ஒரு பெரிய ஏமாற்று. வளர்ந்த நாயின் உடம்பு, புதிதாக வரும் உருளைப்புழுக்களில் பெரும்பாலானவற்றைக் குடலில் வளர விடுவதில்லை. அவை திசுக்களில் ஒதுங்கிவிடுகின்றன. ஆகவே தாயின் மலத்தைச் சோதித்தால் ஒரு முட்டைகூட இல்லாமல் போகலாம். "அம்மாவுக்குப் பூச்சி இல்ல, குட்டிக்கு எப்படி வரும்?" என்று கேட்பவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் பார்த்த இடத்தில் புழு இல்லை, அவ்வளவுதான்.

கொக்கிப்புழுவுக்குப் பால்தான் பாதை. அன்சைலோஸ்டோமா கேனைனம் என்ற இனம் தாயின் பாலில் ஏறிக் குட்டிக்குள் போகிறது. உருளைப்புழு குட்டியின் சாப்பாட்டில் பங்கு கேட்கும். இது இரத்தத்தையே கேட்கும். ஒரு புழு நாளைக்கு 0.1 மில்லிலிட்டர் வரை இரத்தம் இழுக்கும். அரைக் கிலோ குட்டியின் உடம்பில் ஓடும் மொத்த இரத்தமே ஏறத்தாழ 40 மில்லி, இரண்டு மூன்று மேசைக்கரண்டி. நூறு புழு இருந்தால் நாளுக்குப் பத்து மில்லி, அதாவது காற்பங்கு. எந்தக் குட்டி இதைத் தாங்கும்? இரண்டாம், மூன்றாம் வாரத்திலேயே, மலத்தில் முட்டை தெரியத் தொடங்குவதற்கு முன்பே, குட்டி இறந்துவிடலாம். நேற்று வரை ஓடியாடியது காலையில் விறைத்துக் கிடந்தது என்று தோட்டத்தில் சொல்வார்கள். பாம்பு தீண்டியது, கண் பட்டது என்று காரணமும் சொல்வார்கள். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும். ஈறு ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். சுண்ணாம்பு நிறத்தில் இருந்தால், மலம் தார் போலக் கறுத்திருந்தால், மறுநாள் வரை காத்திருக்க நேரமில்லை.

கொக்கிப்புழு கடித்த இடத்தில் இரத்தம் உறைவதில்லை. இதை 1904-இலேயே லியோ லோப், ஸ்மித் என்ற இருவர் நாயின் கொக்கிப்புழுவிலிருந்து சாறெடுத்துக் காட்டினார்கள். ஏறத்தாழ நூறாண்டு கழித்து அந்தச் சாற்றிலுள்ள ஒரு புரதத்தைப் பிரித்து, மனிதருக்கான உறைவுத் தடுப்பு மருந்தாகச் சோதித்தார்கள். 2003-இல் எபோலா தொற்றிய குரங்குகளுக்குக் கொடுத்தபோது ஒன்பதில் மூன்று பிழைத்தன. மருந்து கொடுக்காதவை இறந்தன. சாக்கில் கிடக்கும் குட்டியைக் கொல்லும் அதே எச்சில்.

இனி மண்ணுக்கு வருவோம். மலேசியாவிலேயே மழை குறைந்த இடம் நெகிரி செம்பிலானின் ஜெலெபு என்று பள்ளிப் புவியியலில் படித்திருப்போம். அந்த வறண்ட ஜெலெபுவிலேயே ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் பெய்கிறது. சென்னைக்குக் கிடைப்பதைவிட அதிகம். வருடம் முழுக்க வெதுவெதுப்பு, பால்மரத்தின் நிழல், உதிர்ந்த சருகின் ஈரம். கொக்கிப்புழு முட்டை மண்ணில் விழுந்தால் ஓரிரு நாளில் பொரிக்கும், ஒரு வாரத்தில் தோலைத் துளைக்கும் பருவத்துக்கு வந்துவிடும். வெயிலும் வறட்சியும்தான் அதற்கு எமன். பால்மரக்காட்டில் இரண்டுமே குறைவு.

தோலைத் துளைக்கும் என்பதே ஒரு விபத்தில் தெரிந்ததுதான். எகிப்தில் 1890-களில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானியர், இளம்புழு மிதந்த நீரைக் கினிப்பன்றிகளின் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு அவர் கையில் விழுந்தது. அரித்தது, சிவந்தது. சில வாரங்கள் கழித்துத் தன் மலத்தையே நுண்ணோக்கியில் வைத்தார், கொக்கிப்புழு முட்டை. அதுவரை வாய் வழியாக மட்டுமே வரும் என்றுதான் நினைத்திருந்தார்கள். விடியற்காலையில் வெறுங்காலோடு பால்வெட்டப் போனவர்களின் விரலிடுக்கு அரிப்பை நாம் சேற்றுப்புண் என்றோம். அதில் ஒரு பங்கு இந்தப் புழு நுழைந்த வாசல்.

மலாயாத் தோட்டங்களில் அந்த வாசல் வழியாகப் போனவற்றை எண்ணிப் பார்க்க ஒரு குழு வந்தது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அனுப்பிய அந்தக் குழு 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, ஃபிஜி ஆகிய இடங்களில் வேலை செய்தது. தலைவர் சாமுவேல் டார்லிங், பனாமாக் கால்வாய் வெட்டும்போது தொழிலாளர்களின் நோய்களைப் பார்த்தவர். வேலை எளிமையானது, நாற்றமடிப்பது: தொழிலாளிக்குச் செனோபோடியம் எண்ணெய் கொடுப்பது, வெளியேறும் மலத்தைக் கழுவிச் சலித்து ஒவ்வொரு புழுவாக எண்ணுவது, இனம் பிரிப்பது. எந்த மக்கள் எந்த வகைப் புழுவை எந்த விகிதத்தில் சுமக்கிறார்கள் என்பதைக் கொண்டு அவர்களின் முன்னோர் எங்கிருந்து எங்கே குடிபெயர்ந்தார்கள் என்று படித்துவிடலாம் என்பது டார்லிங்கின் எண்ணம். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் தாத்தாவின் கையில் இருந்த சீட்டு தொலைந்துபோயிருக்கும். குடலில் இன்னொரு சீட்டு இருந்திருக்கிறது.

டார்லிங் குழு எண்ணியது மனிதப் புழுக்களை. லயத்து நாய்களுக்கும் இந்தக் கதையில் பங்குண்டு என்பது மெல்லத்தான் தெரியவந்தது. லூஸ் 1911-இல் இலங்கைப் புனுகுப்பூனை ஒன்றிலிருந்து புதிய கொக்கிப்புழு ஒன்றை விவரித்து, அன்சைலோஸ்டோமா செய்லானிக்கம் என்று இலங்கையின் பெயரையே வைத்தார். இரண்டாண்டில் கிளேட்டன் லேன் அதை இந்தியாவில் மனிதரிடமும் கண்டார். பிறகு அதைப் பிரேசில் இனத்தோடு குழப்பி, ஏறத்தாழ மறந்தே போனார்கள். 1951-இல்தான் இரண்டும் வேறு என்று திரும்ப நிலைநாட்டப்பட்டது. நுண்ணோக்கியில் எல்லாக் கொக்கிப்புழு முட்டையும் ஒரே மாதிரி இருப்பதால், மனித மலத்தில் நாயின் புழு இருந்தாலும் யாருக்கும் தெரியாது. மரபணுச் சோதனை வந்த பிறகுதான் முகம் தெரிந்தது. மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடி ஊர்களில் பார்த்தபோது, மனிதரிடம் இனம் கண்ட கொக்கிப்புழுத் தொற்றில் கிட்டத்தட்ட நான்கில் ஒன்று இந்தச் செய்லானிக்கம். நாய்களிடமும் பூனைகளிடமும் அதே புழு. நாய்களின் மற்ற கொக்கிப்புழுக்கள் பெரும்பாலும் மனிதத் தோலுக்குள் நுழைந்து, நெளிநெளியாக ஒரு கோடு போட்டுவிட்டு அங்கேயே மடியும். செய்லானிக்கம் மட்டும் மனிதக் குடலிலும் குடும்பம் நடத்தும்.

அவை பூர்வகுடி ஊர்கள், தோட்டங்கள் அல்ல என்று ஒருவர் சொல்லலாம். சரிதான். தோட்டத்துக்கு அஸ்ஸாம் இருக்கிறது. ரெபெக்கா டிராப் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளரின் குழு அங்கே தேயிலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் நாய்களைச் சோதித்து 2002-இல் எழுதியது. நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு நாய்களில் கொக்கிப்புழு. லயம், நிழல், மழை, வெறுங்கால், அவிழ்த்துவிட்ட நாய் என்ற அமைப்பு எந்த நாட்டுத் தோட்டத்திலும் ஒன்றுதான்.

நம் பிள்ளைகளுக்காவது மருந்து வந்தது. மலேசியாவில் 1974-இல் தேசியப் புழுக்கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது, 1983-இல் நிறுத்தப்பட்டது. நாய்க்குட்டிக்கு மருந்து என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் லயமே சிரித்திருக்கும். குப்பைமேனியை அரைத்து ஊற்றுவது, பூண்டு நசுக்கிக் கொடுப்பது, வேப்பங்கொழுந்து என்று கைவைத்தியம் இருந்தது. பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைப்பவை. ஏற்கெனவே இரத்தம் போன குட்டிக்குப் பூண்டு கொடுப்பது புழுவோடு கூட்டுச் சேர்வதாகும். கைவைத்தியத்தில் ஒன்று மட்டும் மருந்தியல் நூலுக்கே போனது: பாக்கு. பினாங்குக்குப் பெயர் கொடுத்த அதே பாக்கிலுள்ள அரெக்கோலின், நாடாப்புழுவின் பிடியைத் தளர்த்தி, நாய்க்குக் கடும் பேதியையும் உண்டாக்கும். நியூசிலாந்தில் ஆட்டுப்பண்ணை நாய்களுக்கு இதைப் பல ஆண்டு கொடுத்தார்கள். நாய்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. நல்ல மருந்து வந்ததும் கைவிட்டார்கள். வெற்றிலைப்பெட்டியைத் திறந்து யாரும் குட்டிக்குக் கிள்ளிக் கொடுத்துவிட வேண்டாம்.

இன்று குட்டிகளுக்கு முதலில் வரும் மருந்து பைரன்டெல். 1966-இல் அறிமுகமானது, மனிதக் குழந்தைக்கும் நாய்க்குட்டிக்கும் ஒரே சரக்கு. இது புழுவைக் கொல்வதைவிட இசிவு வரவைக்கிறது என்பதே சரி. குடலின் ஓட்டத்தை எதிர்த்து ஓயாமல் நெளிந்துதான் உருளைப்புழு உள்ளே நிற்கிறது. பைரன்டெல் பட்டதும் அதன் தசை முறுக்கிக்கொண்டு விறைத்துவிடும். ஆற்றில் நீந்துகிறவனுக்குச் சுளுக்குப் பிடித்த கதை. அப்படியே அடித்துக்கொண்டு வெளியே வரும், சில உயிரோடும் வரும். மருந்து குடலைவிட்டு இரத்தத்தில் அதிகம் ஏறாது. அதனால்தான் பதினான்கு நாள் குட்டிக்குக்கூடக் கொடுக்க முடிகிறது. அதே காரணத்தால் நுரையீரலில் பயணம் செய்யும் புழுவையும், தாயின் தசையில் உறங்கும் புழுவையும் அது தொடாது.

கால்நடை மருத்துவர்கள் சொல்லும் அட்டவணை எங்கிருந்து வந்தது என்பது இப்போது விளங்கும். இரண்டாம் வாரம், நான்கு, ஆறு, எட்டு. அதன்பின் ஆறு மாதம் ஆகும்வரை மாதம் ஒருமுறை. இன்று கொடுத்த மருந்து இன்று குடலில் இருப்பதைத் துடைக்கும். நாளை இருமி விழுங்கப்படுவது அடுத்த தவணைக்குள் வளரும், முட்டையிடுவதற்கு முன் மாட்டிக்கொள்ளும். ஒரு தவணை விட்டால் சங்கிலி திரும்ப ஒட்டிக்கொள்ளும். தாய்க்கும் அதே நாட்களில் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அவள் குட்டிகளின் மலத்தை நக்கித் துடைக்கிறாள்; அதிலுள்ள புழு அவளுக்கும் போகிறது. முன்னதாகவே தடுக்க விரும்பினால் வேறொரு மருந்து, ஃபென்பென்டசோல். சினையின் 40-ஆம் நாளிலிருந்து ஈன்று இரண்டு வாரம் வரை தினமும் கொடுத்தால், விழித்துக் கிளம்பும் புழுவைப் பாதி வழியிலேயே பிடிக்கலாம். இது மருத்துவர் எடை பார்த்துச் சொல்ல வேண்டியது. இந்த 40 என்ற எண்ணும் புழுவின் 42-ஐப் பார்த்து வைத்ததுதான்.

அளவில்தான் தோட்டத்தில் தவறு நடக்கிறது. பைரன்டெல் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம். ஒரு கிலோகூட இல்லாத குட்டிக்குப் பிள்ளைகளின் மருந்துப் புட்டியிலிருந்து எடுத்தால் வருவது சில சொட்டுகள், கரண்டிக் கணக்கல்ல. கடைத் தராசில் குட்டியை நிறுப்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை, பாட்டி நிறுத்தார். ஐந்தில் மூன்று பிழைத்தன.

மருந்து பாதி வேலை. மீதி மண்வெட்டியின் வேலை. உருளைப்புழு முட்டை மண்ணில் விழுந்ததும் ஆபத்தில்லை. தொற்றும் பருவத்துக்கு வர இரண்டு வாரமாவது ஆகும். கொக்கிப்புழுவுக்கு ஒரு வாரம். மலத்தை அன்றாடம் அள்ளிப் புதைத்தால் இரண்டையும் முந்திவிடலாம். அள்ளாமல் விட்டால் உருளைப்புழு முட்டை அதே இடத்தில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். குளோரக்ஸ் ஊற்றினால் போய்விடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. முட்டையின் தடித்த ஓடு அதற்கு அசையாது. கொதிநீரும் உச்சிவெயிலும் அசைக்கும். ஆகவே குட்டிகளைச் சாக்கிலிருந்து காய்ந்த சிமெண்டுத் தரைக்கு மாற்றுங்கள், சாக்கைக் கொளுத்துங்கள்.

அந்த முட்டையை விழுங்கும் பிள்ளைக்கு வயிற்றில் புழு வளராது. இளம்புழு குடலைத் துளைத்து ஈரல், நுரையீரல் என்று வழி தெரியாமல் அலையும், சில வேளை கண்ணுக்குள் போய் நிற்கும். 1950-இல் அமெரிக்காவில் ஹெலனோர் வைல்டர் என்ற கண் நோயியல் ஆய்வாளர், புற்றுநோய் என்ற சந்தேகத்திலும் பிற காரணங்களுக்காகவும் அகற்றிச் சேமித்திருந்த பிள்ளைகளின் கண்களைத் திரும்ப மெல்லியதாகச் சீவிப் பார்த்தார். 46 கண்களில் 24-இல் புழு கிடைத்தது. பிற்பாடு அவற்றில் சிலவற்றில் இருந்தது நாயின் உருளைப்புழு என்று உறுதியானது. இதைச் சொன்னால் நாயையே விரட்டிவிடுவார்கள் என்று பயந்து சிலர் சொல்லாமல் விடுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. குட்டியை மடியில் வைத்துக்கொண்ட பிள்ளை சோற்றில் கை வைக்குமுன் சவர்க்காரம் போட்டுக் கழுவினால், பெரும்பகுதி ஆபத்து அந்த நீரோடு போய்விடும்.

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. குடும்பங்கள் அடுக்குமாடிக்குப் போயின. நாய்களைக் கூட்டிப்போக அங்கே இடமில்லை. பல தோட்டங்களில் இன்று லயத்தில் மிஞ்சியிருப்பவர்களும் புதிதாக வேலைக்கு வந்த வெளிநாட்டவர்களும்தான் அவற்றுக்குச் சோறு வைக்கிறார்கள். உங்கள் வாசலில் ஒரு பெட்டை வயிறு இறங்கிப் படுத்திருந்தால், சுவரில் தொங்கும் சாமிபட நாள்காட்டியில் அவள் ஈனும் தேதியை வட்டமிடுங்கள். அதிலிருந்து பதினான்காம் நாள் முதல் தவணை. மருந்து வாங்கும்போது தாய்க்கும் சேர்த்து வாங்குங்கள்.